ஆறுமுகம் சொன்ன வலி

போன மாதம் இரண்டு பிள்ளைகள் என்னைத் தேடி வலியசாலை வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பையன், ஒரு பெண். இருவரும் பிசியோதெரபி படித்தவர்கள். கை கால் இழந்தவர்களும் கண் தெரியாதவர்களும் ஓடி, நீந்தி, எறிந்து பதக்கம் வாங்குகிறார்களே, அந்த மாநில அணியோடு கூடப் போவதுதான் இவர்கள் வேலையாம். கையில் ஒரு படிவம் வைத்திருந்தார்கள். முன்பக்கம் மனித உடம்பின் படம். அடிபட்ட இடத்தில் வட்டம் போட வேண்டும். பின்பக்கம் வலி எவ்வளவு என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் எழுத வேண்டும்.

"அங்கிள், உங்க டைமில இதொக்கெ உண்டாயிருந்துதா?" என்று, இதெல்லாம் அப்போது இருந்ததா என்று, அந்தப் பெண் கேட்டாள். அசல் திருவனந்தபுரத்துத் தமிழ்.

"எண் போடறது இருக்கட்டும் மோளே. வலின்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாம இருந்தது" என்றேன். கிழவன் தமாஷ் பண்ணுகிறான் என்று இருவரும் சிரித்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். நான் தமாஷுக்குச் சொல்லவில்லை. அதை அவர்களிடம் அப்போதே விளக்க எனக்கு வாய் வரவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் இந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் டிரஸ்ஸராகச் சேர்ந்தேன். டிரஸ்ஸர் என்றால் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுகிறவன். அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. மகன் சீழ் துடைக்கப் போகிறான் என்று அம்மா ஒரு மாதம் என் தட்டைத் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பஞ்சு உருட்டினேன், கட்டுத்துணி சுருட்டினேன், சிரிஞ்சு வேகவைத்தேன், இரண்டு தடவை மயங்கி விழுந்தேன். மூன்றாம் வருஷம் எலும்பு வார்டுக்கு மாற்றினார்கள். அங்கேதான் டாக்டர் மாதவன் கையில் சிக்கினேன்.

டாக்டர் மாதவன் கோட்டயத்துக்காரர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆள் குள்ளம், குரல் அதைவிடக் குள்ளம். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, ஆனால் அவர் நம்மை ஒரு பார்வை பார்த்தால் போதும், செய்த தப்பை நாமே ஒப்புக்கொண்டுவிடுவோம். அவர் நோயாளியைப் பார்க்கும் முறையே தனி. முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். கண்ணை மூடிக்கொள்வார். நல்ல காலின் மேல் புறங்கையை வைத்து மனசுக்குள் பத்து எண்ணுவார். பிறகு நோய்க்கால் மேல் அதே புறங்கை, அதே பத்து. உள்ளங்கை வேலை செய்து செய்து மரத்துப் போனது, சூடு புறங்கைக்குத்தான் தெரியும் என்பார். அதற்கப்புறம்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலைப் பார்ப்பார். கடைசியாகத்தான் "எந்தா அசுகம்?", உடம்புக்கு என்ன, என்று கேட்பார்.

"ஆத்யம் கை, பின்னெக் கண்ணு, அது கழிஞ்ஞு மதி வாய்" என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். முதலில் கை, பிறகு கண், வாய் அதற்கப்புறம் போதும். மனுஷன் பயத்தில் பொய் சொல்வான், வெட்கத்தில் குறைத்துச் சொல்வான், தோலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்பது அவர் கட்சி.

அந்தக் காலத்தில் ஊனமுற்றவர்களுக்கென்று தனிப் போட்டி கிடையாது. ஆட வேண்டுமானால் இரண்டு கையும் இரண்டு காலும் உள்ளவர்களோடுதான் ஆட வேண்டும். அப்படி ஆடினவர்களும் இருந்தார்கள். ராகவன் என்று ஒரு கால்பந்து விளையாட்டுக்காரன். காது கேட்காது, பேச்சும் கிடையாது. நகரத்தில் அவனைத் தாண்டிப் பந்தை எடுத்துப் போக ஆள் இல்லை. ஆனால் மாதம் ஒரு தடவை எங்கள் வார்டுக்கு வந்துவிடுவான். ஒரு தடவை தோள் எலும்பு, ஒரு தடவை கணுக்கால். மூன்றாம் தடவை டாக்டர் விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அடிபடுவதெல்லாம் விசில் ஊதிய பிறகுதான். மற்றவர்கள் விசில் கேட்டு நின்றுவிடுவார்கள், இவன் கேட்காமல் அந்தக் கும்பலுக்குள்ளே பாய்ந்து போய் விழுவான். டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்து, மருந்து எழுதும் இடத்தில், "வெள்ளைக் கைக்குட்டை ஒன்று. ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு தடவை ஆட்டவும்" என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நடுவருக்கு அனுப்பினார். நடுவரும் ஆட்டினார். அந்த வருஷம் முழுவதும் ராகவன் எங்கள் வார்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆறுமுகம் எங்களிடம் வந்தது அதற்குப் பிறகு. நாஞ்சில் நாட்டில் பூதப்பாண்டிப் பக்கத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது இளையவர். லாரி ஏறி இடது கால் போயிருந்தது. வேறெங்கோ வைத்து முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே எடுத்திருந்தார்கள். பழவங்காடியில் தாய்மாமன் பாத்திரக்கடையில் வேலை. கடைக்குள் மரக்காலை மாட்டிக்கொண்டு டக் டக்கென்று நடப்பார். வெள்ளாயணிக் காயலில் இறங்கினால் மட்டும் வேறு ஆள். முந்தைய வருஷம் காயலைக் குறுக்கே நீந்தும் போட்டியில் இரண்டாவதாக வந்து ஊரையே வாய் பிளக்க வைத்தவர்.

"தண்ணிக்கு எத்தன காலுன்னு எண்ணத் தெரியாது அண்ணாச்சி" என்பார். தற்பெருமை இல்லை, அவருக்கு அது வெறும் தகவல்.

ஒற்றைக் காலால் நீந்துகிறவருக்குக் காலில்தான் நோய் வரும் என்று நினைப்போம். முதலில் வருவது தோளில். உடம்பு ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும், அதை நேரே வைக்க எதிர்ப்பக்கத் தோள் இரட்டை வேலை செய்யும். வெட்டிய கால் கெடுவதோ தண்ணீரில் இல்லை, கரையில். ஒற்றைக் காலில் தாவிப் போவதை நாலு பேர் பார்க்க அவருக்கு வெட்கம். ஈரம் துவட்டாமல் மரக்காலை மாட்டிவிடுவார். மரக்காலின் தோல் உறைக்குள்ளே ஈரம் நின்று சருமம் ஊறிப் போகும், கொப்புளம் வரும். வாரம் இரண்டு தடவை என்னிடம் வருவார். சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, ஸ்பிரிட் தடவி, அது காய்ந்த பிறகு பவுடர் தூவி, எட்டு எண் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கீழிருந்து மேலே கட்டுச் சுற்றுவேன். நுனியில் இறுக்கம், மேலே போகப் போக நெகிழ்ச்சி. இந்தக் கட்டுப் போடுகிற நேரம்தான் எங்கள் சிநேகம் வளர்ந்த நேரம். அவர் காயல் காற்றைப் பற்றிப் பேசுவார், நான் ஆஸ்பத்திரி வம்பு பேசுவேன்.

அந்த வருஷத் தை மாதப் போட்டியில் முதலில் வருகிறவர் மாநில அணிக்குப் போவார் என்று அறிவித்தார்கள். ஆறுமுகத்துக்கு மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்கள். உடம்பு சரியாக இருக்கிறது என்று டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வர வேண்டும். இரண்டு கால் உள்ளவன் சயரோகத்தோடு வந்தாலும் கேட்க மாட்டார்கள். எனக்குக் கோபம். அவருக்கு இல்லை. "கேட்டா குடுத்திரலாம், அதுக்கென்ன" என்றார்.

போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வந்தார். டாக்டர் அப்போதுதான் ஒரு பிள்ளையின் தொடைக்கு மாவுக்கட்டுப் போட்டு முடித்திருந்தார். முழங்கை வரை வெள்ளை மாவு. தொட முடியாது. கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே "எந்தா?" என்றார்.

"காலு ஒதைக்கச்சில முட்டுக்குக் கீழ புடிச்சு வலிக்கு சார்" என்றார் ஆறுமுகம்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மணீ, இயாள் எந்தா பறயுந்நது?" இவர் என்ன சொல்கிறார் என்று கேட்கிறார்.

"கோச்சிவலி, சார்" என்றேன்.

கோச்சிவலி என்றால் மலையாளத்தில் தசை பிடித்து இழுப்பது. நீந்துகிறவர்களுக்குச் சாதாரணமாக வருவது. மலையாளத்தில் வலி என்றால் இழுப்பு. நோவை அவர்கள் வேதனை என்பார்கள். எனக்குத் தமிழ் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். ஆனால் நான் பிறந்தது இந்த ஊரில். எங்கள் வீட்டில் தலைவலி, வயிற்றுவலி இரண்டில் மட்டும்தான் வலி வலியாக இருந்தது. மற்றபடி கால் நோகும், முதுகு நோகும், கயிற்றைத்தான் வலிப்போம். பிடித்து வலிக்கு என்று ஒரு நீச்சல்காரர் சொன்னதும் என் காது அதைத் தானாகவே மலையாளமாக்கிக்கொண்டது. வார்டில் இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற கர்வம் வேறு. அரை நொடி யோசிக்கவில்லை, ஒரு கேள்வி திருப்பிக் கேட்கவில்லை. ஆறுமுகமோ என் பதிலில் 'வலி' என்ற சொல் காதில் விழுந்ததும், சரியாகத்தான் சொல்கிறேன் என்று தலையாட்டினார்.

டாக்டர் சொல்லச் சொல்லக் கேஸ் ஷீட்டில் நானே எழுதினேன். தினம் இரண்டு வேளை வெந்நீர் ஒத்தடம், டர்பன்டைன் தைலம் போட்டுக் கீழிருந்து மேலே அழுத்தித் தேய்ப்பு. ஒரு வாரத்தில் சரியானால் சர்டிபிகேட்.

நாலு நாள் அந்த வெட்டிய காலை என் கையாலேயே தேய்த்தேன். துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்து வைப்பேன், ஆறுமுன் மாற்றுவேன், பிறகு தைலம். ஆறுமுகம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார்.

"அண்ணாச்சி, வலிக்கு" என்பார்.

"வலி போகத்தான் தேய்க்கறது. கொஞ்சம் சகியுங்கோ" என்பேன்.

சகித்தார். கத்தினால் சர்டிபிகேட் போய்விடும் என்று பயந்து சகித்தார் என்று பின்னால் தெரிந்தது. அந்த நாலு நாளும் அந்தக் காலை நான் தொட்டதெல்லாம் ஒத்தடத்துக்குப் பிறகுதான். அது தன் சூட்டிலேயே கொதித்துக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

ஐந்தாம் நாள் காலையில் அவர் மனைவி பகவதி வண்டி பிடித்து அவரைக் கூட்டி வந்தாள். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்னத்த அண்ணாச்சி தேச்சிய? மனுசன் ஒரு பொட்டு ஒறங்கல்ல."

"கோச்சிவலி அப்படித்தான் அம்மா, ரெண்டு நாள் கூட இழுக்கும்" என்றேன்.

"இழுக்குமா? இழுக்குன்னு யாரு சொன்னா? இவிய வலிக்குன்னுல்லா சொன்னாவ! நோவு அண்ணாச்சி, நோவு! தொட்டா உசுரு போற நோவு!"

நான் டாக்டரிடம் சொன்ன வார்த்தை தப்பு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போர்வையை விலக்கி அவருடைய நல்ல கால் மேல் புறங்கையை வைத்தேன். பிறகு வெட்டிய கால் மேல். பத்து எண்ணவில்லை, இரண்டுக்குள் கையை எடுத்துவிட்டேன். தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. உள்ளே எலும்பு நுனியில் சீழ் கோத்திருக்கிறது. அதைத்தான் நாலு நாளாக நான் அழுத்தி அழுத்தி மேலே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். சோப்புப் போட்டு, ஒவ்வொரு விரலிடுக்கையும் பிரஷ்ஷால் தேய்ப்பார், இடையில் நிறுத்த மாட்டார். நான் பின்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கோச்சிவலி என்றது என் வாய், ஆறுமுகம் சொன்னது வேதனை, தப்பு என்னுடையது என்றேன். வேலை போகும் என்று நிச்சயமாக நினைத்தேன். அதைவிட, அந்த முழங்கால் போய்விடுமே என்பதுதான் பெரிய பயம். முழங்கால் இருக்கிற வரைக்கும்தான் மரக்காலில் நடக்கலாம், தண்ணீரில் உதைக்கலாம். சீழ் மூட்டுக்குள் போய்விட்டால் தொடையில் வெட்ட வேண்டும், அப்புறம் காயலாவது போட்டியாவது.

டாக்டர் கடைசி விரல் வரை கழுவி முடித்தார். திரும்பாமலே சொன்னார். "அந்நு நம்மள் ஆத்யம் வாயாணு வெச்சது. தெற்று ரெண்டாள்க்கும் உண்டு." அன்றைக்கு நாம் வாயைத்தான் முதலில் வைத்தோம், தப்பு இருவருக்கும் உண்டு என்கிறார். பிறகு, கேஸ் ஷீட்டில் நான் எழுதியிருந்த கோச்சிவலி என்ற வார்த்தையின் மேல் ஒற்றைக் கோடு மட்டும் போடச் சொன்னார். அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், சுரண்டி அழிக்கக் கூடாது. பக்கத்தில் நான் ஒரு கையெழுத்து, அவர் ஒரு கையெழுத்து.

அன்றைக்கே திறந்தார்கள். ஒரு கிண்ணம் சீழ். அதோடு பழைய வெட்டில் யாரோ விட்டுவைத்த எலும்புச் சில்லு ஒன்று, அரிசி மணி அளவு. சீழ் மூட்டுக்குள் போகவில்லை, ஆனால் ஒரு விரற்கடை தூரத்தில் நிற்கிறது, மூன்று நாள் பார்ப்போம் என்றார் டாக்டர். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பெனிசிலின். என் டூட்டி இல்லாதபோதும் ஊசி நானே போட்டேன். வேறொருவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை. நாலாம் நாள் காய்ச்சல் இறங்கிற்று. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, புறங்கையை வைத்து, நிதானமாகப் பத்து எண்ணிவிட்டு, "முட்டு ரட்சப்பெட்டு" என்றார். முழங்கால் தப்பித்தது. நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன்.

போட்டி அந்த ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமைப் பேப்பரை வாசிக்கச் சொல்லி ஆறுமுகம் கேட்டார். ஜெயித்தவன் பேரைக் கேட்டுக்கொண்டார். எவ்வளவு நேரத்தில் நீந்தினான் என்று கேட்டார். நாற்பத்தோரு நிமிஷம் என்று போட்டிருந்தது. உதட்டுக்குள் இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். அப்போது நான் உண்மையைச் சொன்னேன். அவர் சொன்னதை நான் எப்படி மாற்றிச் சொன்னேன், அதனால் என்ன ஆயிற்று, எல்லாம். கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். இரண்டு நாள் ஊசிக்குக் கையை மட்டும் நீட்டினார், பேசவில்லை. பேசாமல் இருந்ததற்கு அவருக்கு முழு உரிமை உண்டு.

மூன்றாம் நாள் கட்டு மாற்றும்போது, பழக்கதோஷத்தில் "வலிக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"எந்த பாஷையில கேக்கிய?" என்றார்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சிரித்தோம். சிரித்ததில் அவருக்கு நிஜமாகவே வலித்தது, நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

புண் ஆற நாலு மாதம் ஆயிற்று. ஒரு வருஷத்துக்குத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அடுத்த தைப் போட்டியும் போயிற்று. அதற்கடுத்த தைக்கு நீந்தலாம் என்று காத்திருந்தோம். அதற்குள் பாஷை பார்த்து மாநிலத்தைப் பிரித்தார்கள். நாஞ்சில் நாடு சென்னை ராஜ்யத்துக்குப் போகிறது என்று முடிவாயிற்று. எங்கள் ஆட்கள் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பாத்திரக்கடை மாமா கடையை விலைக்குக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பினார், ஆறுமுகமும் கூடப் போக வேண்டியதாயிற்று. இனி அவர் இந்த மாநிலத்து ஆள் இல்லை, இங்குள்ள போட்டியில் சேர முடியாது.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைத் தேடி வந்தார். "ஒரு வாட்ச்சு கொண்டாருங்க அண்ணாச்சி, காயலுக்குப் போவோம்" என்றார்.

அத்தான் கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டு போனேன். போட்டி தொடங்குகிற அதே படித்துறையில் இறங்கினார், முடிகிற அதே தென்னைக்குக் குறி வைத்தார். ஒரு வள்ளக்காரர் துழாவ, நான் வள்ளத்தில் உட்கார்ந்து கூடவே போனேன். அப்படி ஒரு காலை நேரத்தை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. காற்று இல்லை. தாமரை இலைகளுக்கு இடையில் கிடந்த வழியில் அவர் கை மட்டும் எழும்பி எழும்பி விழுந்தது. தோள் நேராக இருக்கிறதா, வெட்டிய கால் சரியாக உதைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் சரியாக இருந்தது. நடுக்காயல் தாண்டியதும் எனக்குப் பயம் வந்தது. கடிகாரம் என் கையில் இருந்தது. ஜெயித்தவனின் நாற்பத்தோரு நிமிஷத்துக்குள் இவர் முடித்துவிடுவார் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

தென்னையைத் தொட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தொன்பதரை நிமிஷம்.

மூச்சு வாங்க வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு அண்ணாச்சி?" என்றார்.

போட்டி நாள் போல் அன்று கூட்டம் இல்லை, அலை இல்லை, பக்கத்தில் இடித்துக்கொண்டு நீந்த ஆளும் இல்லை. அதெல்லாம் நியாயம்தான். ஆனால் அவருக்கு வேண்டியது ஓர் எண். நாற்பத்திரண்டு என்று சொன்னால் மனிதர் நிம்மதியாக ஊருக்குப் போவார், என் பாரமும் குறையும். நாக்கு நுனி வரை வந்தது. இன்னொரு தடவை இவருக்கும் உண்மைக்கும் நடுவே நான் நிற்பதா என்று தோன்றியது.

"முப்பத்தொம்பதர" என்றேன்.

அவர் விளிம்பிலிருந்து கையை எடுத்துவிட்டு மல்லாந்து மிதந்தார். முகத்தில் இருந்தது தண்ணீரா வேறெதுவா என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவும் இல்லை.

"அப்பம் ஜெயிச்சிருப்பேன்" என்றார்.

"ஜெயிச்சிருப்பீங்க."

பிறகு மெதுவாக நீந்தி வந்து மறுபடி வள்ளத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைக்காவது இத யாருகிட்டயாவது சொல்லுவிய. சொல்லச்சில மாத்தாம சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்.